பாய்லர்காரன் வளர்த்த பவளம்

என் பெயர் கோவிந்தன். ஆவடி பருத்திப்பட்டில் வெறும் கோவிந்தன் என்று கேட்டால் நாலு வீடு காட்டுவார்கள். பாய்லர் கோவிந்தன் என்று கேட்டால் நேராக என் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. என் அப்பா வெள்ளானூரில் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாயப் பட்டறையில் கரி அள்ளிப் போடச் சேர்ந்தேன். பதினோரு வருஷம் அள்ளினேன். எண்பத்திரண்டில் பாய்லர் ஓட்டும் பரீட்சைக்குப் போய், இன்ஸ்பெக்டர் வாயால் கேட்டதற்கெல்லாம் வாயால் பதில் சொல்லி சர்டிபிகேட் வாங்கினேன். அன்றைக்கு என்னோடு வந்த ஐ.டி.ஐ. படித்தவர்களில் மூன்று பேர் பெயில். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், வந்தால் பார்க்கலாம்.

பிறகு திருமழிசையில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போனேன். அங்கே பாய்லர் முழுக்க என் பொறுப்பு. பாய்லர் என்றால் எல்லோரும் நெருப்பைத்தான் நினைப்பார்கள். நெருப்பு சொன்னபடி கேட்கும். கேட்காதது தண்ணீர். நம் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கொதிக்கக் கொதிக்க அது குழாய்க்குள் கல்லாகப் படியும். அதை நாங்கள் ஸ்கேல் என்போம். ஸ்கேல் ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாது, குழாய் வெடிக்கும். அதனால் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரிக்க வேண்டும், தினமும் சோதிக்க வேண்டும், தப்பித் தவறி வந்ததைப் பிடிக்க பாஸ்பேட் என்ற வெள்ளைத் தூளை அளந்து போட வேண்டும். இத்தனையும் நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வருஷம் ஒருமுறை பாய்லரைத் திறந்து இன்ஸ்பெக்டர் உள்ளே கை விட்டுப் பார்ப்பார். கை வெள்ளையாகாமல் வெளியே வரும். “கோவிந்தன் பாய்லரா, திறக்கவே வேண்டாம்” என்று ஒரு இன்ஸ்பெக்டர் எல்லோர் எதிரிலும் சொன்னார்.

இந்தப் பெயரால்தான் எனக்குப் பவளம் வந்தது. இந்தப் பெயரால்தான் அதில் பாதியைக் கொன்றேன். அதையும் நானே சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி எலக்ட்ரீஷியன் இக்னேஷியஸ். ஆவடியில் பிறந்து வளர்ந்தவன், எனக்குப் பின் தெரு. அவன் மனைவி அருள்செல்வி தூத்துக்குடிப் பெண். அவளுடைய அண்ணன் கடலில் முங்கிச் சங்கெடுக்கிறவர். அவர் மூச்சடக்கிக் கொண்டுவந்த இரண்டு பவளத்தை இக்னேஷியஸ் மூன்றரை அடிக் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் ஊற்றி வளர்த்தான். பவளத்தைக் கடலிலிருந்து எடுக்கக் கூடாது என்று பிற்பாடு சட்டம் வந்தது, நல்ல சட்டம். அப்போது அது இல்லை.

ஒன்று மான்கொம்பு மாதிரிக் கிளை விட்டது. இன்னொன்று உருண்டையாக, மேலே நெளிநெளியாக, மூளை மாதிரி. முதல்முறை பார்த்தபோது, கல்லுக்கு எதற்குடா ஆறு டியூப்லைட் என்று கேட்டுச் சிரித்தேன். அவன் கோபப்படவில்லை. கிட்டே வந்து பார்க்கச் சொன்னான். பார்த்தேன். கல்லின் மேல் பழுப்பாக மெல்லிய தோல், தோல் முழுக்கக் கடுகளவு வாய்கள், ஒவ்வொரு வாயைச் சுற்றியும் முடி மாதிரி விரல்கள். காற்றில்லாத இடத்தில் ஆடின. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அங்கே ஆஜர்.

தொண்ணூற்று மூன்று அக்டோபரில் இக்னேஷியஸுக்கு மஸ்கட்டில் இரண்டு வருஷ வேலை கிடைத்தது. அருள்செல்வி பிள்ளைகளோடு தாய்வீடு போவதாக ஏற்பாடு. தொட்டியைத் தூத்துக்குடிக்குத் தூக்கிப்போக முடியாது. எத்தனையோ பேர் இருக்க அவன் என்னிடம் வந்தான். ஏன் தெரியுமா? தொட்டித் தண்ணீர் வெயிலில் குறையும்போது எதை ஊற்றுவாய் என்று முன்பே ஒரு நாள் என்னைக் கேட்டிருந்தான். நல்ல தண்ணீர்தான், ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது, மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிப்போகும் என்று யோசிக்காமல் சொன்னேன். பாய்லர்காரனுக்கு அது பால பாடம். மற்றவர்கள் எல்லோரும் கடல் தண்ணீர் என்றார்களாம்.

என் வீட்டு முன்னறைக் கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டேன். வெளிச்சம் நேராகத் தொட்டியில் விழுந்தது. எல்லாம் மாற்றி வைத்த பிறகு அவன் மூன்று விஷயம் சொன்னான். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும். குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். சூடு ஏற விடக் கூடாது.

“அவ்ளோதான் அண்ணாத்தே. வேற ஒன்னியும் பண்ணாதே. ரெண்டும் உசுரோட எங்கையில வர்ணும்.”

“யார்கிட்ட சொல்றே? பாய்லரே எங்கையில பால் கொட்த்த மாடு மாதிரி நிக்குது. ரெண்டு கல்லு நிக்காதா?”

அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் மனைவி தாயம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்து மாதம் ராஜாவாகப் போயிற்று. தொட்டிக் கண்ணாடியில் பெயிண்டால் மேல் கோடு, கீழ்க் கோடு போட்டேன். பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்க்கிற கண்ணாடியில் இருக்கிற மாதிரி. ஒரு விரல்கடை இறங்க விட்டதில்லை. கடல் தண்ணீருக்குக் கோவளம் போவேன். கட்டுமரக்காரர் அலை தாண்டிப் போய் மொண்டு தருவார். முப்பத்தைந்து லிட்டர் கேன் இரண்டு. ஒரு தடவை பஸ்ஸில் கண்டக்டர் கேனைப் பார்த்ததும் ஆவடிக்குச் சாராயம் போகிறது என்று முடிவே கட்டிவிட்டார். கடல் தண்ணீர் என்று சொன்னதை நம்பவில்லை. மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு, பல்லாவரம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் என் கேனுக்குத் தனி மரியாதை.

தொண்ணூற்று நாலு மார்ச்சில் எனக்குக் கை அரித்தது. தினமும் பாய்லர் தண்ணீரைச் சோதிக்கிறவன், என் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்காமல் இருக்கிறேனே என்று தோன்றியது. ஒரு சீசாவில் தொட்டித் தண்ணீர் பிடித்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். எங்கள் சோதனை எளிது. தண்ணீரில் ஒரு சிட்டிகைப் பொடி போட்டால், சுண்ணாம்புச் சத்து இருந்தால் பீட்ரூட் சிவப்பாகும். மேலே இருக்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலமாக மாறும். என் பாய்லர் தண்ணீர் இரண்டாவது சொட்டில் நீலமாகிவிடும். இது குழாய் முழுக்கக் காலியான பிறகும் சிவப்பாகவே நின்றது. மறுபடி நிரப்பினேன். அதுவும் போயிற்று. இன்னும் சிவப்பு.

இருபது வருஷத்தில் இப்படி ஒரு தண்ணீரைப் பார்த்ததில்லை. இந்தத் தண்ணீரிலா அந்த இரண்டு உயிரையும் வைத்திருக்கிறேன் என்று பதறிப்போனேன். கடல் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று யோசிக்கவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. பாய்லர் கோவிந்தன் யாரைக் கேட்பான்?

பாஸ்பேட் ஒரு ஸ்பூன் பொட்டலம் கட்டி எடுத்து வந்தேன். கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்தது. சுண்ணாம்பு பிடிபடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். அன்று சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

காலையில் மான்கொம்பு எல்லா வாயையும் மூடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் தண்டின் அடியில் ஒரு மோதிர அகலத்துக்கு வெள்ளைக் கோடு. தோல் உரிந்து நூல்நூலாக மிதந்தது. நாலாம் நாள் கோடு இரண்டு விரல் உயரம் ஏறியது. மூளை கெட்டி, அது சுருங்கினாலும் நிறம் மாறவில்லை. மான்கொம்பு என் கண்ணெதிரே கீழிருந்து மேலாக எலும்பாகிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் பார்த்து மஸ்கட்டிலிருந்து கடிதம். எங்கள் நலத்தைக்கூடக் கேட்கவில்லை. மான்கொம்பு எப்படி இருக்கிறது என்றுதான் முதல் வரி. நான் என் கையாலேயே பதில் எழுதினேன். இரண்டும் நலம், கவலை வேண்டாம் என்று. எனக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் தெரியும்; ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பொய்யை எழுதினேன்.

கம்பெனி லேபில் உத்தமன் என்று ஒரு கெமிஸ்ட், பி.எஸ்ஸி. அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொளத்தூர் மீன் கடைகளில் சொல்லி வைத்தால் இதே மாதிரி ஒன்று வரவழைத்துத் தருவார்கள், மாற்றி வைத்துவிடுங்கள் என்றார்.

“ரெண்டு வருஷம் கழிச்சு வர்றவருக்கு அடையாளமா தெரியப்போவுது? கல்லுதானே கோவிந்தன்.”

அன்று முழுக்க அதை யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் கோவிந்தன் பாய்லர் என்ற பெயரை நான் பெயிண்ட் அடித்து வாங்கவில்லையே. வேண்டாம் என்று விட்டேன். எப்படிச் செத்தது என்று தெரிந்தாக வேண்டும். அது தெரிந்தால்தான் மீதியைக் காப்பாற்ற முடியும்.

செத்த கிளையில் ஒரு துண்டை ஒடித்து எடுத்துப்போய், உத்தமன் மேசையிலேயே வைத்து அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். புஸ்ஸென்று பொங்கியது. நுரைத்துக்கொண்டே கரைந்தது. அந்தப் பொங்கலை எனக்குத் தெரியும். சாயப் பட்டறையில் பழைய பாய்லர்க் குழாயை ஆசிட் விட்டுக் கழுவியபோது ஸ்கேல் இப்படித்தான் பொங்கும். இதே சத்தம், இதே நுரை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பிராணி தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை எடுத்துத்தான் தன் எலும்பைக் கட்டிக்கொள்கிறது. நான் வாழ்நாள் முழுக்க எதைத் தண்ணீரிலிருந்து விரட்டினேனோ, அதுதான் இதற்குச் சோறு. சோற்றுப் பானையை நானே கவிழ்த்துவிட்டேன். அந்த ஒரு ஸ்பூன் பாஸ்பேட்டால். உத்தமனிடம் சொன்னேன். அவர் ஆசிட் சீசாவை மூடிவிட்டு, “படிச்சவன் நான், இத நீ சொல்றே” என்றார். உண்மைதானே?

காரணம் தெரிந்த பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. பாய்லரில் ஒரு குழாய் கெட்டால் அந்தக் குழாயை அறுத்து அடைத்துவிட்டு மீதியை ஓட்டுவோம். அதையே செய்தேன். இக்னேஷியஸ் விட்டுப்போன கட்டிங் பிளேயரால், வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே, இன்னும் தோல் இருக்கிற நுனிகளை வெட்டி எடுத்தேன். நாலு நுனி. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். தூண்டில் நரம்பால் தனித்தனிக் கல்லில் கட்டி வெளிச்சத்தில் வைத்தேன். மீதி மரம் மூன்று நாளில் முழுக்க வெளுத்துப்போனது. நாலு நுனியில் மூன்றும் ஒரு வாரத்துக்குள் போயின. ஒன்று நின்றது.

அந்த ஒன்றுக்காக ஐந்து ஞாயிறு தொடர்ந்து கோவளம் போனேன். போட்ட மருந்து வெளியேறும்வரை தண்ணீர் மாற்றினேன். கண்ணாடியில் ஏறியிருந்த பச்சைப் பாசியைத் தேய்த்து எடுத்தேன். பிறகு சோறு போட வேண்டும். சுண்ணாம்புக்கு எங்கே போவது? வீட்டிலேயே இருந்தது, தாயம்மாவின் வெற்றிலைப் பெட்டியில். ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு குடம் தண்ணீரில் கலக்கி, மூடி வைத்து, மறுநாள் மேலாக நின்ற தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்தேன்.

“யோவ், எனுக்குக் கீற சுண்ணாம்ப அதுக்கு ஊத்துறியே, அப்டியே வெத்தல பாக்கும் மட்ச்சிக் குடேன். மென்னுகினு கெடக்கட்டும்.”

தாயம்மா வாய் அப்படி. ஆனால் பெட்டியைப் பூட்டவில்லை. அடுத்த வாரமே நான் பூவிருந்தவல்லி சந்தையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி நானே நீற்றிக்கொண்டேன்.

ஒரேயடியாக ஊற்றினால் தண்ணீர் பால் ஆகிவிடும், எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். ஒருமுறை ஊற்றிப் பார்த்துத்தான் கற்றேன். அதனால் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும் டியூப் ஒன்று வாங்கி, பாட்டிலைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, விடிந்ததும் சொட்டுச் சொட்டாக இறங்க விட்டேன். ஆவியாகக் குறைந்த தண்ணீருக்குப் பதில் இந்தத் தண்ணீர்தான். கீழ்க் கோட்டிலிருந்து மேல் கோட்டுக்கு வர இரண்டு மணி நேரம். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்கள்.

மே மாதம் வெயில் கொளுத்தியது. தொட்டித் தண்ணீருக்கு மேலே டேபிள் ஃபேன் வைத்தேன். ஆவி பறக்கும்போது சூட்டையும் எடுத்துப் போகும். ஒரு மத்தியானம் ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை. ஐஸ்கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி மிதக்கவிட்டு, நானும் தாயம்மாவும் மாற்றி மாற்றி முறத்தால் விசிறினோம். தனக்கு இந்த மனுஷன் ஒரு நாள் விசிறியதில்லை என்று அவள் பக்கத்து வீட்டு பார்வதத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தால் என்ன, நான் கையை நிறுத்தவில்லை.

ஜூன் கடைசியில், கட்டிய நரம்புக்கு மேலே பழுப்புத் தோல் படர்ந்திருந்ததைப் பார்த்தேன். அடியில் கல்லின் மேல் வட்டமாக மெல்லிய படலம். விரலால் லேசாகத் தள்ளினேன், அசையவில்லை. கல்லைப் பிடித்துவிட்டது. ஸ்கேல் இரும்பைப் பிடிக்கிற அதே பிடி. இருபது வருஷத்தில் ஒரு ஸ்கேலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். அப்புறம் நுனி வெளிர் நீலமாக நீண்டது. பக்கத்தில் ஒரு மொட்டு, அதன் பக்கத்தில் இன்னொன்று.

மஸ்கட் கடிதங்களுக்கு அதற்குப் பிறகும் நலம் என்றே எழுதினேன். இப்போது அது பாதி உண்மை.

தொண்ணூற்றைந்து டிசம்பரில் இக்னேஷியஸ் திரும்பினான். அவன் வருவதற்கு முந்தின நாள், வெள்ளை எலும்பாகத் தொட்டிக்குள் கிடந்த தாய்மரத்தை எடுத்துப் பரண்மேல் போட்டுவிடு என்றாள் தாயம்மா. சின்னதைப் பார்த்து, பழையதை வெட்டிவிட்டதில் மறுபடி தழைத்தது என்று நினைத்துக்கொள்வான் என்றாள். நான் எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அருள்செல்வியோடு வந்தான். தாயம்மா கொடுத்த காப்பியைக் கையில் வாங்கியவன் குடிக்காமல் தொட்டி முன்னால் போய் நின்றான்.

“மான்கொம்பு எங்க அண்ணாத்தே?”

நான் வெள்ளையைக் காட்டினேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நல்லாகீதுன்னு எய்துனியே.”

“எய்துனன்னிக்கு அது செத்துகினு இருந்துது. பொய்தான் எய்துனேன். வேற ஒன்னியும் பண்ணாதேன்னு சொன்னே, நான் பண்ணேன். பாய்லர் மருந்து ஒரு ஸ்பூன். கொன்னது நான்தான்.”

“எங்கண்ணன் மூச்ச அடக்கி எடுத்துட்டு வந்ததுல்லா அது” என்றாள் அருள்செல்வி.

இக்னேஷியஸ் காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். வெள்ளைக்குப் பக்கத்தில் இருந்ததை அப்போதுதான் பார்த்தான். என் உள்ளங்கை அகலம், ஒன்பது கிளை, ஒவ்வொரு நுனியிலும் நீலம். சட்டைக் கையை மடித்துத் தண்ணீருக்குள் விட்டு, அதன் அடியை ஒரு விரலால் தடவினான். கல் எங்கே முடிகிறது, அது எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்காது.

“எங்கையில இது ரெண்டு வருசத்துல ஒரு வெரல்கட வளர்ல. இன்னா ஊத்துனே?”

“சுண்ணாம்பு.”

“சுண்ணாம்பா?”

“எஞ்சுண்ணாம்பு” என்றாள் தாயம்மா, உள்ளேயிருந்து.

அப்போதுதான் அவன் சிரித்தான். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு மாறாத தண்ணீர், கஞ்சியாகப் போன தொட்டி, ஆசிட், கட்டிங் பிளேயர், சலைன் டியூப். ஒன்றையும் விடவில்லை. கேட்டுவிட்டு மூளைப் பவளத்தைக் குனிந்து பார்த்தான்.

“புதுத் தொட்டி கட்டிகினு மூளைய எட்த்துகினு போறேன். இப்ப அந்த வெள்ளைய குடு. நான் உனுக்குக் குட்த்தது அதான்.”

“அப்ப இது?”

“அது உன்து அண்ணாத்தே. நீ நட்டது.”

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். சர்டிபிகேட் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சொன்னது இருக்கிறது. அன்றைக்கு அவன் சொன்னது பாராட்டா, குத்தலா என்று நான் கேட்கவில்லை. இரண்டுமாக இருந்தாலும் எனக்குச் சரிதான். அருள்செல்வி வெள்ளையை நல்ல தண்ணீரில் கழுவி, பேப்பரில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு வைத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பைப் போடும்போது இக்னேஷியஸ் சுண்ணாம்பு அளவைக் கேட்டான். சொன்னால் மறந்துபோகும், எழுதித் தருகிறேன் என்றேன். உள்ளே போய் ஒரு தாளை எடுத்து, எழுத்துக் கூட்டி எழுதினேன். எத்தனை ஸ்பூன், எவ்வளவு தண்ணீர், எத்தனை சொட்டு, எல்லாம். ஆனால் முதல் வரி வேறு: பாய்லர் மருந்து போடாதே, கோவிந்தன் போட்டான், செத்தது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்துவிட்டு, சட்டைப் பையில் மடித்து வைத்தான்.